பெட்டிக்கு மூன்று சாவி

சூளகிரிப் பக்கம் வட்டிக்காரரிடம் போய்த் திரும்பாத கம்மல்களுக்குக் கணக்கே இல்லை. 1989-இல் ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் நிதியுதவியோடு பெண்கள் குழுத் திட்டம் முதலில் வந்தது எங்கள் பழைய தருமபுரி மாவட்டத்துக்குத்தான்; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்து பேசி, நாங்களும் குழு தொடங்கத் தீர்மானம் போட்டுவிட்டோம். நடத்துவதுதான் பெரும்பாடு. சேமிப்புப் பணம் வைத்த தகரப் பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவி மூன்று பேரிடம். ஒருத்தி பாகலூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போனால் அந்த வாரம் கடன் கிடையாது! முதல் கடன் யாருக்கு என்று இரண்டு வாரம் சண்டை. கடைசியில், அதிகம் கத்தியவளே, “அக்கா, உன் கம்மலை மொதல்ல மீட்டுக்கோ” என்றாள். 1997-98-இல் தமிழக அரசின் மகளிர் திட்டம் வந்தபோது எங்கள் பணம் வங்கியில் இருந்தது. பெட்டியில் ராகி விதை.