ஏடு வீட்டுல இருந்தா மட்டும் போதுமா?

சொந்த எழுத்தைச் சொந்த சர்வரில் வைக்கணும்னு டவுன்ல இருக்கிற நண்பர்கள் சொல்றாங்க. நியாயம்தான். 2009-ல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடினப்போ, அதை நம்பி எழுதினவங்க எத்தனையோ பேர் பக்கத்தை இழந்தாங்க. ஆனா நம்ம வீட்டுல வச்சா மட்டும் எழுத்து பிழைச்சிடுமா? எங்க திருநெல்வேலிச் சீமை இந்தக் கேள்வியை எப்பவோ பார்த்தாச்சு.

உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அதுக்காக ஏடு தேடி இந்தப் பக்கம் அலைஞ்சார். அன்னைக்குக் கவிராயர் வீடுகள்தான் சர்வர். திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில் சுவடிகள் தூசி, பூச்சி இல்லாம ஒழுங்கா அடுக்கியிருந்தன. ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் வீட்டில் தேடினது முதல்ல கிடைக்கலை. அப்புறம் அவர் உறவினர் தேவர்பிரான் கவிராயரிடம் இருந்த ஏட்டில் பத்துப்பாட்டு கிடைச்சுது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வீட்டில் வண்டிக்கணக்கா இருந்த ஏடுகளை ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வாய்க்கால் வெள்ளத்தில் விட்டுட்டாங்க. சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்ச்சு நெருப்பில் போட்டதா அவருக்குப் பதில் வந்தது. ஏட்டைக் களவாண்டது யாரும் இல்லை. வச்சிருந்தவங்க கையாலயே போச்சு.

பனையோலைக்கு ஆயுசு கம்மி. மஞ்சளும் பச்சிலைச்சாறும் தடவணும், செல்லு அண்டாம பார்க்கணும். எல்லாத்துக்கும் மேல, நைஞ்சு போகுறதுக்கு முன்னாடி புது ஓலையில் பிரதி எடுக்கணும். படி எடுத்த நூல்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கு.

வீட்டு சர்வரும் அப்படித்தான். மென்பொருளை அப்டேட் பண்ணாம விட்டா அதுதான் செல்லு. எளிய பாஸ்வேர்டு திறந்து கிடக்கிற கதவு. ஒரே டிஸ்க்கை நம்பினா இடி மின்னல் ஒண்ணு போதும். பிரதி ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும். அதைத் திறந்து படிக்க முடியுதான்னும் அப்பப்போ பார்க்கணும்.

விதைநெல்லை நாங்க ஒரே கோட்டையில் கட்டி வச்சிட்டுச் சும்மா இருக்கிறதில்லை. கொஞ்சம் அண்ணாச்சி வீட்டுக்கும் போகும், வருஷா வருஷம் விதைச்சுப் புதுசாக்குவோம். எழுத்தும் விதைதான். சொந்தம்னு சொல்லிக்கிட்டா அதைப் பராமரிக்கிற வேலையும் நம்மளுதுதான்.