பைன் தோட்டத்துப் பரண்

அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் ‘க்ளைம்பர்’ என்று அழைக்கும் ஏறுபரணைப் பற்றி எழுதுகிறவர்கள், அதை வேட்டைக்காரனின் சாமர்த்தியத்தில் பிறந்த கருவி என்றே சொல்லிப் போவார்கள். முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து, பிடித்த மரத்தில் மாட்டி, 20 அடி உயரம் ஏறி உட்கார்ந்து, பொழுது சாய்ந்ததும் கழற்றிக்கொண்டு வீடு திரும்பலாம் என்றால் சாமர்த்தியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஏன் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வெளிப்பட்டது? மான் வேட்டைக்குப் பேர்போன வடக்கு மாநிலங்களை விட்டுவிட்டு ஏன் ஜார்ஜியா, அலபாமா, லூசியானா பக்கம் அதன் தொழில் வேர்பிடித்தது? இந்தக் கேள்விகளுக்கான பதிலை வேட்டைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. காகித ஆலைகளுக்காக நடப்பட்ட பைன் தோட்டங்களிலும், அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலும் அது இருக்கிறது என்பது என் வாதம்.

கருவியின் அமைப்பே முதல் சாட்சி. அது இரண்டு துண்டுகளாக வரும்: மேலே உட்காரும் சட்டம், கீழே கால் வைக்கும் தட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வளைகம்பியோ வடமோ மரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும். தட்டின் மேல் ஆளின் எடை விழுந்ததும் அதன் வெளிவிளிம்பு கீழே சாயப் பார்க்கும்; அப்போது மரத்தை ஒட்டிய விளிம்பு முன்பக்கத்தையும் வடம் பின்பக்கத்தையும் கவ்விக்கொள்ளும். எடை கூடினால் பிடியும் இறுகும். ஏறுகிறவர் மேல்சட்டத்தில் கையூன்றி எடையை அதற்கு மாற்றி, வாரில் செருகிய பாதங்களால் கீழ்த்தட்டை இழுத்து உயர்த்துவார். பிறகு அதில் நின்று மேல்சட்டத்தை ஒரு முழம் ஏற்றுவார். தளைநார் மாட்டிப் பனையேறுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இந்த மாறிமாறிப் பற்றும் முறை புதிதல்ல. மேலே போகப் போக மரம் மெலியும், தட்டு கீழ்நோக்கிச் சாயும். அதனால் தரையில் மாட்டும்போதே வெளிவிளிம்பைச் சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு துண்டுகளையும் ஒரு கயிற்றால் பிணைத்தும் வைக்க வேண்டும். பிணைக்காமல் ஏறிக் கீழ்த்தட்டு நழுவி விழுந்துவிட்டால், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இறங்க வழியில்லை. இத்தனைக்கும் அடிப்படையான நிபந்தனை ஒன்றுதான்: மரம் நேராக, கிளையின்றி, அளவான பருமனில் இருக்க வேண்டும். தாழக் கிளைத்த ஓக் மரத்தில் இது பாதியில் நின்றுவிடும். பட்டை செதில்செதிலாக உரியும் ஷாக்பார்க் ஹிக்கரியில் பிடியை நம்ப முடியாது.

அப்படிப்பட்ட மரங்கள் வரிசைவரிசையாக நிற்கும் நிலம் அமெரிக்கத் தெற்கில் 20ஆம் நூற்றாண்டில்தான் உருவாக்கப்பட்டது. பருத்தி விளைந்து ஓய்ந்த வயல்களில் மரம் நட 1956இல் வந்த ‘சாயில் பேங்க்’ திட்டம் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. மரக்கூழ் ஆலைகள் தாங்களே நிலம் வாங்கி நட்டன. 1950களின் தொடக்கத்தில் தென்மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த பைன் தோட்டம், நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 3.2 கோடி ஏக்கராகப் பெருகியது. நட்டவை பெரும்பாலும் லாப்லாலி பைனும் ஸ்லாஷ் பைனும். நெருக்கி நட்டால் மேலே தழை மூடிக்கொள்ளும். வெயில் படாத கீழ்க்கிளைகள் பட்டு உதிரும். அடிமரம் கம்பம்போல் நிற்கும். ஆலைக்குத் தேவையான இந்த உருவம்தான் ஏறுபரணுக்கும் தேவையான உருவம். அந்நாளில் பரவலாக அறியப்பட்ட ‘பேக்கர்’ பரண் ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவிலிருந்து வந்தது. பைன் பாலிலிருந்து டர்பன்டைன் வடித்துப் பிழைத்த வட்டாரம் அது. பின்னாளில் பெரிய பெயரான ‘சம்மிட்’ அலபாமாவின் டிகேட்டரிலிருந்து வந்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் நேரான மரம் கையில் இருந்தும், பலகையை ஆணியடித்து நிலைப்பரண் கட்டிக்கொள்ளாமல் எதற்காகத் தூக்கிச் சுமக்க வேண்டும்? இங்கேதான் நிலவுரிமை வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி காட்டு மான் நிலத்துக்காரருக்குச் சொந்தமல்ல. அது மக்களின் பொதுச்சொத்து, மாநில அரசு அதன் காப்பாளர். 1896இல் கனெக்டிகட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்துக்கு அழுத்தம் கொடுத்தது. மரமோ நிலத்துக்காரருடையது. ஆக, உரிமச்சீட்டு வாங்கிய வேட்டைக்காரருக்கு மான் மேல் ஒரு பாத்தியதை உண்டு, மரத்தின் மேல் கிடையாது. ஆலைகள் தங்கள் தோட்டங்களை வேட்டைக் கழகங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. குத்தகைக்காரர் மரத்தில் ஆணி அறைவதை எந்த மர முதலாளியும் விரும்பமாட்டார். ஆணியை மரம் தனக்குள் மூடிக்கொள்ளும். பல வருடம் கழித்து அறுக்கும்போது ரம்பத்தின் பல் போகும், அறுப்பவர் மேல் தெறிக்கவும் கூடும். பொதுக் காடுகளிலும் ஆணிக்கும் திருகுபடிக்கும் பெரும்பாலும் தடைதான். போதாக்குறைக்கு, தோட்ட மரத்துக்கு ஆயுள் குறைவு. 15 வயதுவாக்கில் இடையிடையே வெட்டிக் கலைத்துவிடுவார்கள். 25, 30 வயதில் மொத்தமாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் இளந்தழை முளைத்து மான் கூட்டம் அங்கே நகரும். போன வருடம் மான் நடமாடிய இடத்தில் கட்டிய பரண் இந்த வருடம் எதற்கும் உதவாது. நிலமே இடம்மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் பரணும் நகரத்தான் வேண்டும்.

இதற்கு மறுப்பாக வில்வேட்டையைச் சொல்வார்கள். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி மான் பருவம் அறிவித்தது. 1969இல் மிசௌரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அம்புக்கு மான் 60, 90 அடிக்குள் வந்தாக வேண்டும். அதனால்தான் உயரத்தில் ஒளிய நேர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. மரத்தில் ஏறும் ஆசைக்கு இது நல்ல விளக்கம்தான். ஆனால் வடக்கின் வில்லாளிகளில் பலர் ஏணியும் தொங்குபரணும் கொண்டே காலம் தள்ளினார்கள். தெற்கிலோ துப்பாக்கிக்காரர்களும் க்ளைம்பரில் ஏறினார்கள். வில் உயரத்தைக் கேட்டது. அந்த உயரத்தை எந்த வடிவில் அடைவது என்பதைத் தீர்மானித்தது மரம். இன்னொரு மறுப்பு, மரத்தில் காத்திருப்பது ஆதிகாலப் பழக்கம் என்பது. காத்திருந்தவர்கள் எங்கும் இருந்திருப்பார்கள். ஆனால் தெற்கின் பெருவழக்கு அதுவல்ல: ஃப்ளோரிடாவின் திமுக்குவா மக்கள் மான்தோல் போர்த்தி மான்களை நெருங்கியதைத் தியோடோர் டி ப்ரி 1591இல் அச்சிட்ட செதுக்குப்படம் காட்டுகிறது; பின்வந்த வெள்ளையர் வேட்டைநாய்களை விட்டு மானைக் கிளப்பினார்கள். நாய் வேட்டைக்குப் பரந்த, வேலி பாராத நிலம் வேண்டும். நிலம் குத்தகைத் துண்டுகளாகப் பிரிந்தபோது நாய் எல்லை தாண்டியது, வழக்கு வந்தது. ஒரே மரத்தில் ஓசைப்படாமல் உட்காருகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மானே திரும்பி வந்ததும் இந்தக் கதையில் சேர்த்தி. 1900வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் 5 லட்சம்கூட இருக்கவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. ஜார்ஜியாவின் மலைக்காட்டில் ஆர்தர் வுட்டி என்ற வனக்காவலர் 1920களின் கடைசியில் மான்குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியது. இன்று எண்ணிக்கை சுமார் 3 கோடி. மானில்லாத பைன் தோட்டத்தில் யாரும் பரண் தூக்கியிருக்க மாட்டார்கள்.

மேலிருந்து கொல்வது அறமா என்ற விவாதமும் நெடுநாளாக உண்டு. மான் தலைக்கு மேலே அதிகம் தேடுவதில்லை, மனித வாடையும் அதன் மூக்குக்கு மேலாகக் கடந்துபோகலாம். எனவே இது ஏமாற்று என்பார்கள். கீழ்நோக்கிச் சுடும் தோட்டா மண்ணில் புதைகிறது, அடுத்தவர் மேல் பாய்வதில்லை என்பது எதிர்வாதம். என் பார்வையில், இந்தப் பரணின் உண்மையான கடன் மானிடம் இருந்ததைவிட ஏறியவரிடம்தான் அதிகம் இருந்தது. ஜார்ஜியாவில் 1979 முதல் 1989 வரை பதிவான மான்வேட்டைக் காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மரப்பரண் தொடர்பானவை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. தொடக்கப் பரண்களில் மேல்சட்டமே கிடையாது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலால் தட்டை இழுத்தார்கள். இடுப்புவார் வந்தது, விழுந்தவரின் மூச்சை அதுவே நெரித்தது. அதன் பிறகே உடல் முழுவதையும் தாங்கும் கச்சை வழக்கத்துக்கு வந்தது.

அண்மை ஆண்டுகளில் பரணையே விட்டுவிட்டு, மரத்தில் கட்டிய கயிற்றில் இடுப்புச் சேணத்தோடு சாய்ந்து தொங்கும் முறைக்குப் பல வேட்டைக்காரர்கள் மாறிவருகிறார்கள். சேணம் எடை குறைவு. கோணல் மரத்திலும் கிளைத்த மரத்திலும் ஏறலாம். கலப்பு மரக்காடுகளில் அது க்ளைம்பரை ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறது. பைன் தோட்டங்களில் க்ளைம்பர் இன்னும் விலைபோகிறது.