போருக்குப்பின் எஞ்சியவை: இந்தியாவில் மிகைப் படைத்தளவாடங்களின் கணக்கும் கைமாற்றமும்

இரண்டாம் உலகப்போரின் வரலாறு பெரிதும் படைநகர்வுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர் ஓய்ந்தபின் கிடங்குகளிலும் விமானத் திடல்களிலும் குவிந்துகிடந்த பொருள்கள் யாருக்கு உரியவை, அவற்றிற்கு விலை வைப்பது எங்ஙனம், அவற்றைத் திருப்பிக் கொண்டுசெல்வது யார் பொறுப்பு என்னும் வினாக்கள் அதே அளவு கவனம் பெறவில்லை. கணக்கர்களின் வேலை என்று அவை ஒதுக்கப்பட்டன போலும். ஆயினும் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவின் பொருளியல் நிலையை வரையறுத்தவற்றுள் இக்கணக்கும் ஒன்று.

தமிழில் இத்தகைய பொருள்களை 'உபரி' என்றும் 'மிகை' என்றும் 'கழிவு' என்றும் எழுதுகிறோம். இவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. மிகை என்பது தேவையை நோக்கிய சொல். கழிவு என்பது பயனை நோக்கிய சொல். ஒரு படைக்கு மிகையான வண்டி மற்றொருவருக்குக் கழிவாக இருக்க வேண்டியதில்லை. கடைத்தெரு வழக்கு இச்சிக்கலுக்குள் புகாமல் 'மிலிட்டரி டிஸ்போசல்' என்று ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டது. நடுவண் அரசின் கொள்முதல் இயக்ககம் 2017 அக்டோபர் 31 அன்று மூடப்படும் வரை தன் பெயரில் 'சப்ளைஸ் அண்ட் டிஸ்போசல்ஸ்' என்று தாங்கியிருந்தது இந்தப் போர்க்கால மரபின் எச்சமே.

கடன்-குத்தகையும் 1946ஆம் ஆண்டு உடன்பாடும்

அமெரிக்க ஐக்கிய நாடு 1941 மார்ச் 11 அன்று இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின்படி நேச நாடுகளுக்கு அனுப்பிய தளவாடங்கள் விற்கப்பட்டவை அல்ல. போரில் அழிந்தவை அழிந்தவையாகக் கொள்ளப்படும். எஞ்சியவற்றைத் திரும்பக் கேட்கும் உரிமை அமெரிக்காவிற்கு உண்டு. பர்மாவை மீட்கவும் சீனாவிற்குப் பொருள் அனுப்பவும் தளமாக இருந்த இந்தியாவிற்கு இவ்வகைப் பொருள்கள் பெருமளவில் வந்திறங்கின. அமெரிக்கப் படைகளுக்கு வேண்டிய உணவு, கட்டுமானம், பணி ஆகியவற்றை இந்தியா வழங்கியது. அது எதிர்நிலைக் கடன்-குத்தகை எனப்பட்டது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அம்மாதமே அதிபர் ட்ரூமன் கடன்-குத்தகை வழங்கலை முடிவுக்குக் கொண்டுவந்தார். இருந்த கப்பல்கள் போர்வீரர்களை ஊர் சேர்ப்பதற்கே போதவில்லை. பழைய வண்டிகளையும் எந்திரங்களையும் கடல் கடந்து ஏற்றிச் செல்லும் செலவு பலவற்றின் மதிப்பை விஞ்சியிருக்கும். ஏற்றிச் சென்றாலோ அவை உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் சந்தையைக் கெடுக்கும். ஆகவே, திருப்பிக் கேட்கும் உரிமை தாளில் நின்றது. பொருள் இந்தியாவில் நின்றது.

1946 மே 16 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான உடன்பாடு இந்த இடைவெளியைத் தீர்த்தது. கடன்-குத்தகையும் எதிர்நிலைக் கடன்-குத்தகையும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கொள்ளப்பட்டன. அமெரிக்க மிகைப்பொருள்களின் தீர்வும் அதனுள் அடங்கியது. வெள்ளி மட்டும் விலக்கு. போர்க்காலத்தில் இந்தியாவிற்கு அளிக்கப்பட்ட ஏறத்தாழ 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை அவுன்சுக்கு அவுன்சாகத் திருப்பித் தருதல் வேண்டும். 1947இல் வெள்ளி கலந்த ரூபாய்க்கு மாற்றாக நிக்கல் ரூபாய் வெளிவந்ததற்கு இக்கடனும் ஒரு காரணம். 1957ஐ ஒட்டி அது தீர்ந்தது. டாங்கிக்கும் லாரிக்கும் ஈடு சொல்ல முடிந்தவர்களால் வெள்ளிக்கு ஈடு சொல்ல முடியவில்லை. தேய்மானம் என்னும் வாதம் உலோகத்திடம் செல்லாது.

மிகைப்பொருள் விற்பனையால் அயல்நாடுகளில் சேர்ந்த அந்நாட்டுப் பணத்தைக் கல்விப் பரிமாற்றத்திற்குச் செலவிட 1946 ஆகஸ்ட் 1 அன்று இயற்றப்பட்ட ஃபுல்பிரைட் சட்டம் வழிசெய்தது. இந்தியாவுடன் 1950 பிப்ரவரி 2 அன்று அதன்வழி உடன்பாடு ஏற்பட்டது. இத்திட்டத்தின் கல்விநல்கையை அறியாத பல்கலைக்கழகத் துறை நம் நாட்டில் இல்லை. அதன் வேர் படைக்கிடங்கில் இருப்பதை அறிந்தோர் குறைவு.

500 கோடியும் 133 கோடியும்

பிரித்தானியாவுடனான கணக்கு வேறு வகையானது. 1939 நவம்பரில் ஏற்பட்ட செலவுப் பகிர்வு ஏற்பாட்டின்படி, இந்தியாவின் எல்லைக்கு அப்பாலான போருக்கு இந்தியாவில் ஆன செலவைப் பிரித்தானியா ஏற்றது. ஆனால் பொருளாகவோ பொன்னாகவோ கொடுக்கவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் வரவாக எழுதிவைத்தது. அந்த வரவைக் காப்பாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கு ரூபாய்த்தாள்களை வெளியிட்டது. விலைகள் ஏறின. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இறந்தவர்களும் இந்நிலுவைக்குப் பங்களித்தவர்களே. அவர்கள் பெயரில் எந்தப் பற்றுவரவும் எழுதப்படவில்லை. போர்முடிவில் இந்தியாவின் ஸ்டெர்லிங் நிலுவை 1,700 கோடி ரூபாயை எட்டியிருந்தது.

இந்நிலுவையை வசூலிக்க 1948இல் லண்டன் சென்ற குழுவின் தலைவர் அன்றைய நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்திற்கு உரை கண்டவர் என்ற முறையில் தமிழுலகம் அவரை நன்கறியும். அவ்வாண்டு சூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின் ஒரு கூறு நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. 1947 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைத்தளவாடங்களையும் நிலையான அமைப்புகளையும் இந்தியா 10 கோடி பவுனுக்கு, அதாவது ஏறத்தாழ 133 கோடி ரூபாய்க்கு, வாங்கிக்கொண்டது. அவற்றின் ஏட்டு மதிப்பு 37.5 கோடி பவுன், அதாவது 500 கோடி ரூபாய். விலை நிலுவையில் கழிக்கப்பட்டது.

ஏட்டு மதிப்பில் கால்பங்கிற்குச் சற்று மேல் என்பதால் இதனை மலிவான கொள்முதல் எனச் சொல்வது எளிது. அவ்வாறு கொள்வது பொருந்தாது என்பது என் கருத்து. ஏட்டு மதிப்பு போர்க்காலத்தில் வாங்கிய விலையே ஒழிய, அன்றைய விலை அன்று. திருப்பி ஏற்றிச் செல்லவும் வேறொருவருக்கு விற்கவும் வழி குறைந்த நிலையில் விற்பவர் இருந்தார். மறுபுறம், வாங்குபவரின் நிலையும் வலுவானதாக இல்லை. 1947 அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டிருந்தது. கிடங்குகளில் இருந்தவற்றைக் கொண்டுதான் படை இயங்க வேண்டும். இவ்விரு நெருக்கடிகளின் நடுவில் பிறந்ததே 133 கோடி என்னும் எண். அதனைவிட முக்கியமானது செலுத்திய முறை. போருக்காக இந்தியா கொடுத்த உழைப்பும் உணவும் கடனாக நின்றன. அக்கடனின் ஒரு பகுதி போரின் எச்சங்களைக் கொண்டே அடைக்கப்பட்டது.

கணக்கில் வராதவை

மிகைப்பொருள்களில் மக்கள் வாழ்வை விரைந்து தொட்டவை டக்கோட்டா விமானங்கள். மலிவாகக் கிடைத்த இவற்றைக் கொண்டு 1946 முதல் பல தனியார் விமான நிறுவனங்கள் தோன்றின. 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்டபோது எட்டு நிறுவனங்கள் இந்தியன் ஏர்லைன்சில் இணைந்தன. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்றவற்றுள் தனியார் டக்கோட்டாக்களும் இருந்தன.

இதனினும் வியப்புக்குரியது லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் வரலாறு. அமெரிக்காவில் செய்யப்பட்ட இந்நான்கு எஞ்சின் விமானங்கள் கடன்-குத்தகையின்கீழ்ப் பிரித்தானிய விமானப்படைக்கு வந்தவை. அவற்றைத் திருப்புதல் வேண்டும். அல்லது பயன்படாதவாறு செய்தல் வேண்டும். திருப்புவதற்குச் செலவு மிகுதி. எனவே கான்பூரை அடுத்த சாக்கேரித் திடலில் அவை உடைத்தும் சிதைத்தும் கைவிடப்பட்டன. கணக்கைப் பொறுத்தவரை அங்கே அவற்றின் வாழ்வு முடிந்துவிட்டது.

பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1940இல் வால்சந்த் ஹிராசந்த் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் தொடங்கப்பட்டது. போரின்போது அமெரிக்க விமானங்களைச் செப்பனிட்டுப் பழகிய தொழிலாளர்கள் அங்கிருந்தனர். அவர்கள் சாக்கேரியில் கிடந்தவற்றை ஆராய்ந்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, ஒருமுறை பறப்பதற்குப் போதுமான அளவு சீர்செய்தனர். ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு அவற்றை ஓட்டிச் சென்றவர் அந்நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. முழுச் செப்பம் அங்கே நடைபெற்றது. இங்ஙனம் மீட்கப்பட்டவை நாற்பதையொட்டிய எண்ணிக்கையின. 1948 நவம்பரில் அமைக்கப்பட்ட இந்திய விமானப்படையின் 5ஆம் அணி இவற்றைக் கொண்டது. பின்னர்க் கடற்கண்காணிப்புக்கென 6ஆம் அணிக்குச் சென்ற லிபரேட்டர்கள் 1968 இறுதி வரை பறந்தன. உலகில் வேறு எந்த நாட்டின் படையிலும் இவ்வகை விமானம் இத்துணைக் காலம் பணியாற்றியதில்லை.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட லிபரேட்டர்களை அந்நாடே உருக்கிவிட்டிருந்தது. அருங்காட்சியகங்கள் அவற்றைத் தேடத் தொடங்கியபோது இந்தியாவையே நாட வேண்டியிருந்தது. 1968இல் ஒன்று கனடாவிற்கும், 1974இல் ஒன்று பிரித்தானியாவிற்கும் சென்றன. அமெரிக்காவிற்குரிய ஒரு விமானம் 1969இல் அரிசோனாவின் டூசான் நகருக்குப் பறந்து சென்றது. கடன்-குத்தகைச் சட்டப்படி கால் நூற்றாண்டுக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டிய அது, இந்திய அரசின் அன்பளிப்பாக அங்கே தரையிறங்கியது.