குளிசை உறையில் இல்லாத இலக்கம்

அரச மருத்துவமனைகளில் எங்களுக்குக் குளிசை பெரும்பாலும் சிறிய கடதாசி உறையில்தான் கிடைக்கிறது. எத்தனை வேளை போடவேண்டும் என்று அதில் குறித்திருப்பார்கள். மருந்தின் தொகுதி இலக்கம் இருக்காது. ஆனால் மருந்தொன்று ஆளைப் பாதித்தால், அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

2023 ஏப்ரலில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலருக்கு நுவரெலியாவிலும் கொழும்பிலும் கண்ணில் பாதிப்பு ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த பிரட்னிசலோன் சொட்டுமருந்தின் மேல் சந்தேகம் விழுந்து, அது பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு விடுதியில் ஒருவருக்கு மட்டும் நடந்திருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த கிருமித்தொற்று என்று விட்டிருப்பார்கள். பல இடத்துத் தகவல்கள் ஒரே மேசைக்கு வந்தால்தான் சந்தேகம் மருந்துப் போத்தலின் பக்கம் திரும்பும்.

இலங்கையில் அந்த மேசை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. மருந்து மட்டுமல்ல, மருத்துவ உபகரணங்களும் அதன் பொறுப்பில் உள்ளன. வைத்தியர், தாதி, மருந்தாளர் ஆகியோர் அறிக்கை அனுப்பலாம். அறிக்கைக்கு அடிப்படையாக வேண்டியவை நான்குதான்: பாதிக்கப்பட்டவர், அறிவிப்பவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த பாதிப்பு. நிரூபிக்கவேண்டியதில்லை, சந்தேகமே போதும். வைத்தியருக்கு எதிரான முறைப்பாடாகவும் இதை எடுக்கக்கூடாது. இதைப் பல தடவை சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் வன்னியில் நான் பேசியவர்களில் பலர் “கதைச்சால் அடுத்த கிளினிக்கில ஏசுவினம்” என்ற பயத்திலேயே பேசாமல் இருக்கிறார்கள். விடுதியில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது.

தலையில் காயப்பட்டு வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்களின் நிலையைப் பாருங்கள். காபமசெபின் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். அரிதாக அது கொப்புளமாகி, வாயும் கண்ணும் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். “சூட்டுக்கு வந்தது” என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம், ஆகவே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எந்த மருந்து, எப்போது தொடங்கியது, என்ன நடந்தது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை வேறு வைத்தியர் அதே மருந்தை எழுதாமல் இருக்க அந்த வரி போதும்.

உபகரணங்களைப் பற்றி இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 2009இல் ஷெல்லடிக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் பலரிடம் அந்நாளைய பதிவுகள் எதுவும் இல்லை. உடம்புக்குள் இருக்கும் தகட்டை யார் செய்தார்கள், என்ன உலோகம் என்று தெரியாது. அதை இனித் தேடி எடுப்பது கடினம். புதிதாகத் தகடோ கண்வில்லையோ வைப்பவர்கள், பெட்டியிலிருக்கும் ஒட்டுத்தாளைத் தங்கள் அட்டையில் ஒட்டித்தரக் கேட்கலாம்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு வீட்டில் கதீற்றர் பாவிப்பவர்களிடம் பைக்கற்றாவது இருக்கிறது. பலூன் வெடித்தாலும், நீர் வற்றாமல் குழாய் கழற்ற முடியாமல் போனாலும், அது உபகரணக் கோளாறாக இருக்கலாம். குழாயை இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ‘லொட்’ அல்லது ‘பாட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதுதான் தொகுதி இலக்கம். அடுத்த கதீற்றர் மாற்றும்வரை அந்த உறையை எறியாமல் வைத்திருங்கள்.