50-க்கு 40: மலாயாத் தோட்டக் கூலியும் ஒற்றைக் கொள்முதலாளரும்

இந்திய அரசின் சார்பில் 1936 இறுதியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, மறு ஆண்டு அளித்த அறிக்கையில் தோட்டக் கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னார். கங்காணி ஆள்கட்டும் முறையை விட்டுவிடவும் சொன்னார். தொழிலாளர் பக்கம் நின்ற பரிந்துரைகள்தாம். ஆனால் கூலி போதுமா என்று கேட்ட சாஸ்திரி, அது ஏன் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று கேட்கவில்லை. குடும்பச் செலவுப் பட்டியலிலிருந்து பிறந்த கூலி என்ற அதிகாரிகளின் விளக்கம் அவர் பரிந்துரையிலும் அப்படியே தங்கிவிட்டது. எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை.

கூலி இணைகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1920-களின் இறுதியில் எளிதில் போய்ச் சேரக்கூடிய தோட்டங்களில் 50, 40. பகாங்கின் உட்பகுதியில் 58, 46. ரப்பர் விலை சரிந்த 1930-இல் 40, 32. 1938 வெட்டில் 45, 36. எல்லாம் ஐந்துக்கு நான்கு. 58-இல் ஐந்தில் நான்கு பங்கு 46.4, சில்லறையைத் தள்ளினால் 46. அரிசி விலை இறங்கினாலும் ஏறினாலும், கடற்கரையானாலும் காடானாலும், ஆணின் செலவும் பெண்ணின் செலவும் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்து நகருமா? செலவுப் பட்டியல் ஆண் கூலிக்குக் காரணம் காட்டியிருக்கலாம். பெண் கூலி வெறும் பெருக்கல். நான்கே இணைகளை வைத்துச் செய்யும் வாதம் இது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் நான்கில் ஒன்றுகூட வழுவவில்லை.

பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் எழுதிய நூல் இங்கே உதவுகிறது. விற்பவர் ஒருவரே என்றால் விலைப் பாகுபாடு. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால் கூலிப் பாகுபாடு. இடம் மாறிப் போக முடியாதவருக்குக் குறைவாகக் கொடுத்தாலும் அவர் வேலையை விடமாட்டார். 1907-இல் உருவான இந்தியக் குடியேற்றக் குழு அத்தகைய வாங்குபவர்தான்: இந்தியக் கூலிகளை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு இலவசமாக ஆள் இறக்கியது, பின்னர் கூலி நிர்ணயமும் அதன் கைக்கு வந்தது. தோட்டக்காரர்கள் அதில் உறுப்பினர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் இடம்: அன்றைய வெல்லஸ்லி மாகாணத்தின் புக்கிட் தெங்கா பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே, ரயில் பாதை மேல் இருக்கிறது. ஒரு மாத முன்னறிவிப்போடு வேலையை விட 1923 தொழிலாளர் சட்டம் இடம் தந்தது. இப்பக்கத்துத் தோட்டத்து ஆண் பிறைத் துறைக்கோ ரயில்வேக்கோ போகலாம். அவன் மனைவிக்கு அந்த வாசல்கள் இல்லை. லயமும் (வரிசைக் குடியிருப்பு) பெரட்டும் (காலை ஆள் கணக்கெடுப்பு) புருஷனின் தோட்டத்தோடு கட்டுண்டவை. ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போயிற்று என்பது என் வாதம்.

பொருளாதாரச் செயல்திறனுக்கு இதனால் நட்டமா? நேராகப் பதில் சொல்ல முடியாது. பகாங்கின் 58 காசும் பாகுபாடுதான். ஆனால் கரையோரக் கூலியை ஏற்றாமலே தொலைதூரத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது அது. ஒரே கூலி என்றிருந்தால் அந்தத் தோட்டங்கள் ஆளின்றிக் கிடந்திருக்கலாம். பெண்களுக்கான வெட்டில் அப்படி ஒரு ஈடு தெரியவில்லை: காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவே. ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலி வைத்திருந்தால் அது 50-ஆக இராது, இடையில் எங்கோ நின்றிருக்கும் என்ற மறுப்பும் உண்டு. நியாயமான மறுப்பு, ஆனால் கப்பல் அனுப்பியும் பொருளாதார மந்தத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியும் ஆள் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைத்த அமைப்புக்குச் சந்தை விதியைச் சாக்காகச் சொல்லும் உரிமை குறைவு.

சீனத் தொழிலாளர்கள் இந்தக் கூலி நிர்ணயத்துக்கு வெளியே, ஒப்பந்த முறையில் கூடுதலாகப் பெற்றார்கள். 1938 கூலி வெட்டையடுத்து அதே ஆண்டு ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சீனருக்கு இணையான கூலி கேட்டார்கள்.