முலைக்காம்பு அடினோமா

முலைக்காம்பு அடினோமா, காம்பிலுள்ள பால்குழாய்களிலிருந்து எழும் அரிய, தீங்கற்ற கட்டி. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு, ஒரு பக்கத்தில் மட்டும் வரும். உள்ளாடையில் சிறு கறை, காய்ந்து ஒட்டிய பொருக்கு, அது உதிர்ந்தால் அடியில் சிவந்து கசியும் புண்: பலருக்கு முதலில் தெரிவது இவ்வளவுதான். புற்றுநோயும் இதே கோலத்தில் வரும் என்பதால் இதை அதனோடு குழப்பிக்கொள்வது எளிது. 1874இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், காம்பில் கரப்பான் போன்ற ஆறாத புண் கண்ட சுமார் 15 பெண்களுக்கு, பின்னாளில் மார்பகப் புற்று வந்ததைப் பதிவு செய்தார்; அந்தப் புண்தான் பேஜட் நோய். அந்த எச்சரிக்கை இன்றும் செல்லும். ஆனால் அந்த அச்சத்திலேயே, தீங்கற்ற இக்கட்டிக்காக மார்பையே இழந்த பெண்களும் உண்டு. 1955இல் ஜோன்ஸ் என்ற நோயியலாளர் இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

கண்ணால் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. மேமோகிராமிலும் பல சமயம் தெரியாது. நுண்ணோக்கியும் ஏமாற்றக்கூடும். நெருக்கியடித்து வளர்ந்த குழாய்கள், ஊடுருவும் புற்றைப் போலவே தோன்றும். அறுவையின் நடுவே திசுவை உறையவைத்து அவசரமாகப் பார்க்கும்போது இந்த ஆபத்து அதிகம். தீர்ப்புச் சொல்வது ஒரு மெல்லிய வரிசை. ஒவ்வொரு குழாயையும் வெளிப்புறம் சூழ்ந்த மயோஎபிதீலியல் செல்கள் அடினோமாவில் அப்படியே இருக்கும், ஊடுருவும் புற்றில் இருக்காது. பி63 சாயம் அவற்றைத் துலக்கிக் காட்டும். ஒரே சாயத்தை நம்பிவிடவும் கூடாது: 1970இல் சிரில் டோக்கர் இயல்பான காம்புகளிலேயே கண்ட வெளிறிய செல்கள், பேஜட் நோயின் புற்றுச்செல்களைப் போலவே சைட்டோகெராட்டின் 7 சாயத்தை ஏற்பவை.

காம்பில் வரும் புண்ணுக்கும் அரிப்புக்குமெல்லாம் திசுவை வெட்டிப் பார்ப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு பக்கமும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும் அரிப்பு பெரும்பாலும் வெறும் கரப்பான். களிம்பு தடவிச் சில வாரம் பார்ப்பதில் தவறில்லை. ஒரு பக்கக் காம்பிலேயே தொடங்கி ஆறாமல் நிற்கும் புண்ணுக்கு அந்தப் பொறுமை பொருந்தாது. ஸ்டீராய்டு களிம்பில் பேஜட் நோயும் கொஞ்சநாள் தணிந்ததுபோல் காட்டும். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத் துளைக்கருவியால் எடுக்கும் திசு அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். தீங்கற்றது என்றால் விட்டுவிடலாமே என்பதும் முழுச் சரியல்ல: மிச்சம் வைத்தால் மீண்டும் வளரும், அபூர்வமாக அருகிலேயே புற்றும் இருந்திருக்கிறது. ஆகவே கட்டியை மட்டும் முழுமையாக அகற்றுகிறார்கள், மார்பை அல்ல.