ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஸ்காலர்ஷிப், 51 சனிக்கிழமை எண்ணெய்

நேஷனல் ஃபெலோஷிப் ரிசல்ட் வர்ற சீசன் இது. காலேஜ் வாசல்ல பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டோ, எல்லாம் பார்த்திருப்பீங்க. இன்னைக்கு ஒரு பழைய ஸ்காலர்ஷிப்பைப் பத்திப் பேசலாம். அதோட நோட்டிஃபிகேஷன் இன்னும் ஒரு கோயில் சுவத்துல இருக்கு.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் தாண்டிப் போனா பழையசீவரம் வரும். அதுக்கு எதிர்க்கரை திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம், அதனாலதான் அந்தப் பேர். அங்க இருக்கிற வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழனோட நீளமான கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அவனோட அஞ்சாவது ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 1068. வயலைக்காவூர் என்ற ஊரோட வருமானம் கோயிலுக்கு எப்படி வரணும், வந்தது எதுக்கெல்லாம் போகணும்னு வரிசையா எழுதியிருக்காங்க. பூஜை, திருவிழா, விளக்கு எல்லாம் வழக்கம்போல வருது. அதுக்கு நடுவுல ஒரு பள்ளி, ஒரு ஹாஸ்டல், ஒரு ஆஸ்பத்திரி!

ரிக் வேதம் படிக்க 10 மாணவர்கள், யஜுர் வேதத்துக்கு 10 பேர், இலக்கணத்துக்கு 20 பேர். ஆகமம் படிக்கிறவங்க, துறவிகள்னு மத்தவங்களையும் சேர்த்தா மொத்தம் 60 பேருக்குச் சாப்பாடு. படுக்கப் பாய். ராத்திரிக்கு விளக்கு. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம்: வருஷத்துல 51 சனிக்கிழமைக்குத் தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய். 'தேவையான அளவு'ன்னு பொதுவா எழுதிட்டுப் போகல, 51ன்னு எண்ணி எழுதியிருக்காங்க. உடம்பு சரியில்லன்னா வீரசோழன் என்ற பேர்ல 15 படுக்கையோட ஆதுலர் சாலை. அங்க வைத்தியர், அறுவை செய்யறவர், மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளியைப் பார்த்துக்கிற பெண்கள் எல்லாரும் உண்டு. இன்னைக்குப் பாஷையில சொன்னா, மெஸ், ஹாஸ்டல், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மூணும் ஒரே பேக்கேஜ்.

காஞ்சிப் பக்கம் இப்படி ஒண்ணு இருந்ததுல ஆச்சரியமில்ல. சோழர்களுக்கு முன்னாடி, பல்லவர் காலத்துலயே இங்க கடிகைன்னு ஒரு உயர்கல்வி இடம் இருந்தது. நாலாம் நூற்றாண்டுல மயூரசர்மன்னு ஒரு மாணவர் இப்போதைய கர்நாடகத்திலிருந்து தன் குருவோட படிக்க வந்தார். இங்க பல்லவக் குதிரைவீரன் ஒருத்தனோட தகராறு. படிப்பை விட்டுட்டு வாளை எடுத்தவர், கதம்ப அரசையே தொடங்கிட்டார்னு தாளகுண்டா கல்வெட்டு சொல்லுது. டிராப்-அவுட் ஃபவுண்டர் கதை சிலிக்கான் வேலியில தொடங்கல, பாருங்க. எதிர்த்திசையில போனவரும் உண்டு. நாளந்தாவுக்குத் தலைவரா இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர்னு சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வச்சிருக்கார்.

சரி, ஸ்டைபண்ட் கணக்குக்கு வருவோம். இதுல இன்னும் தெளிவான கல்வெட்டு விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்துல இருக்கு. முதலாம் ராஜேந்திரன் காலம், சுமார் 1025. ஜூனியர் 270 பேர், சீனியர் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர், இதுக்குன்னு 45 வேலி நிலம். ஜூனியருக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல். சீனியருக்கு ஒரு குறுணி ரெண்டு நாழி, அதாவது 10 நாழி. இப்ப ஜேஆர்எஃப் மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் ஆனா 42,000 ரூபாய். சீனியர் ஆனதும் கிடைக்கிற உயர்வு சதவீதத்துல சோழர்தான் தாராளம்.

மாணவர்களுக்கு மட்டும் கூட்டினேன். 270 ஆறு 1,620. 70 பத்து 700. மொத்தம் ஒரு நாளைக்கு 2,320 நாழி. 96 நாழி ஒரு கலம், அப்போ தினமும் 24 கலத்துக்குக் கொஞ்சம் மேல. வருஷத்துக்குச் சுமார் 8,800 கலம். இதுக்கு மேலதான் ஆசிரியர் சம்பளம். இவ்வளவு நெல் எங்கிருந்து வரும்? அதுக்குத்தான் 45 வேலி. செலவை எழுதின அதே கல்வெட்டுலயே வரவையும் எழுதியிருக்காங்க. இந்த மாதிரி தானக் கல்வெட்டுகள்ல சந்திரன், சூரியன் உள்ளவரை நடக்கணும்னு வழக்கமா ஒரு வரி வரும். அது அலங்காரமா தெரியலாம். ஆனா பின்னாடி நிலம் இருக்கு, அதுதான் அந்த வரிக்குப் பலம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பிஎச்டி நண்பனுக்கு ஏழு மாசம் ஃபெலோஷிப் பணம் வரல. வந்தப்போ அரியர்ஸா மொத்தமா வந்துச்சு. 'மெஸ் பில் அரியர்ஸ்ல ஓடாதுடா'ன்னான். எண்ணாயிரத்துல நெல் நாள் கணக்குல இருந்ததுக்கு அர்த்தம் எனக்கு அப்பதான் முழுசா புரிஞ்சது. பசி நாள் கணக்குலதானே வருது.

இப்ப கொஞ்சம் கசப்பான பக்கம். இந்த 60 பேர், 340 பேர் எல்லாம் யாரு? பாடங்களைப் பார்த்தாலே தெரியும்: வேதம், வியாகரணம், மீமாம்சை. பெரும்பாலும் பிராமண வீட்டு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருந்த படிப்பு. அந்த நெல்லை விளைவிச்சவன் பிள்ளைக்கு அந்தப் பட்டியல்ல இடமில்ல.

காஞ்சியோட நெசவாளர்களை எடுத்துக்குங்க. 10ஆம் நூற்றாண்டு, உத்தம சோழனோட செப்பேடு ஒண்ணு சென்னை மியூசியத்துல இருக்கு. காஞ்சி ஊரகம் பெருமாள் கோயிலோட வரவு செலவைப் பார்த்துக்கிற பொறுப்பு அந்த ஊர் நெசவாளர் குடியிருப்புகள் கையில இருந்தது அதுல தெரியுது. கோயில் பணத்தையே நம்பிக் குடுத்திருக்காங்க. ஆனா கோயில் பணத்துல நடந்த இந்த வேதப் படிப்பு அவங்க பிள்ளைகளுக்கு எட்டல. எனக்கு இந்த ரெண்டு ஆவணத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கத்தான் தோணும்.

அங்கிருந்து ஒரே தாவல், 1794க்கு. பச்சையப்ப முதலியார், சென்னையில துபாஷியா சம்பாதிச்சவர், 40 வயசுல இறந்துட்டார். உயில்ல கோயில் தர்மங்களுக்குப் பெரிய தொகை. அப்புறம் பல வருஷம் வழக்கு. கடைசியில தர்மங்கள் போக மிஞ்சின பணம் கல்விக்குன்னு முடிவாச்சு. அட்வகேட் ஜெனரலா இருந்த ஜார்ஜ் நார்ட்டனுக்கு அதுல பெரிய பங்கு. 1842ல சென்னையில பள்ளி திறந்தது, அதே 1840களிலேயே காஞ்சிபுரத்துலயும் ஒண்ணு. இதுவும் எல்லாருக்கும் திறந்த கதவுன்னு சொல்லிட முடியாது. பச்சையப்பன் கல்லூரியில இந்து அல்லாதவங்களுக்கு இடம் கிடைச்சது 1947லதான். ஆனா நெசவாளர் வீட்டுப் பிள்ளை உள்ள வர முடிஞ்சது.

அப்படி வந்த ஒருத்தர் 1909 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்துல பிறந்த அண்ணாதுரை. நெசவாளர் குடும்பம், வளர்த்தது அவர் 'தொத்தா'ன்னு கூப்பிட்ட சித்தி. உள்ளூர் பச்சையப்பன் பள்ளியில படிச்சார். நடுவுல வீட்டுக் கஷ்டத்துக்காக நகராட்சியில கொஞ்ச நாள் கிளார்க் வேலை. அதோட நின்னுருந்தா அந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் ஸ்டூடண்ட் நிறைய பேருக்கு அங்கதான் முடியுது. அவர் திரும்பப் படிக்கப் போனார், சென்னை பச்சையப்பன் கல்லூரியில ஹானர்ஸ் முடிச்சார். 1968ல முதலமைச்சரா இருக்கும்போது அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்தோட சப் ஃபெலோஷிப் அவருக்குக் கிடைச்சது. மாணவனா வாங்கினது கிடையாது, அழைச்சுக் கௌரவிக்கிற ஃபெலோஷிப். போய் அங்க இருக்கிற மாணவர்களோட உட்கார்ந்து பேசிட்டு வந்தார்.

அந்த யேல்னு பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? எலிஹு யேல், 1687லிருந்து 1692 வரை நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னர். சென்னையில வியாபாரம் பண்ணிக் கோடீஸ்வரர் ஆனவர். கனெக்டிகட்ல பணத்துக்குத் தடுமாறிட்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 1718ல ஒன்பது மூட்டைத் துணி, 417 புத்தகம், ராஜாவோட ஓவியம் ஒண்ணு அனுப்பினார். மூட்டைகளை வித்ததுல 562 பவுண்டு. கல்லூரி அவர் பேரை வச்சுக்கிச்சு. அந்த மூட்டையில காஞ்சித் துணி இருந்ததுன்னு நான் சொல்ல வரல. ஆனா சோழமண்டலக் கரையோட துணி வியாபாரத்துல வளர்ந்த ஊர்தானே மதராஸ்? அந்த ஊர்ல சேர்ந்த பணத்தால பேர் வாங்கின காலேஜுக்கு, 250 வருஷம் கழிச்சு நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஃபெலோவா போறார்.

இப்ப நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்னு ஒன்றிய அரசோட திட்டம் இருக்கு, வெளிநாட்டுல மாஸ்டர்ஸ், பிஎச்டி படிக்க. யாருக்குன்னு பட்டியலைப் பாருங்க: பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர்கள். திருமுக்கூடல் பட்டியல்ல விடுபட்டவங்கள்ல பல பேர் இதுல இருக்காங்க. வருஷத்துக்கு 125 இடம். 2025ல 106 பேர் தேர்வானாங்க. ஜூலையில முதல்ல கடிதம் போனது 40 பேருக்கு. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தா தரப்படும்னு பதில். அட்மிஷன் கையில, செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பம்.

இவ்வளவுதான் இந்த எபிசோட். திருமுக்கூடல் போறவங்க காலையிலேயே போயிடுங்க, வெயில் ஏறினா கல்லுல கால் வைக்க முடியாது. உங்க ஃபெலோஷிப் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் கேட்கலாம்.